சுரண்டினால் வராத முகம்

நாலாம் எண் இயந்திரம் திடீரென்று அலறியது. மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று கூரையிலும் சுவரிலும் வெளிச்சத்தை வாரி இறைத்தது. ஸோல்வெய் காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள். பிற்பகல்தான், ஆனால் வடகோடிக் கடலோர ஜூட்லாந்தில் டிசம்பர் மாதம் ஜன்னலுக்கு வெளியே அதற்குள் மையிருட்டு. கடற்கழிப் பக்கமிருந்து வந்த காற்று பிளாஸ்டிக் டப்பாத் தொழிற்சாலையின் தகரச் சுவரை உரசிக்கொண்டு போனது.

திரையில் வழக்கமான செய்திதான்: 'அச்சுக்குள் லேபிள் இல்லை.' லேபிள் அடுக்கு காலி. லேபிளை எடுத்து அச்சுக்குள் வைக்கும் ரோபோ கையின் ரப்பர் உறிஞ்சிகள் வெறும் காற்றை இழுத்து உஸ் உஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. லேபிள் இல்லையென்றால் அச்சுக்குள் பிளாஸ்டிக் இறங்கவே கூடாது. ஆனால் நின்றுபோன கன்வேயர் பட்டையின் மேல் ஒரே ஒரு ஐஸ்கிரீம் டப்பா கிடந்தது.

எடுத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி போல இளஞ்சூடு. திருப்பினாள். டப்பாவின் மேல் ஒரு சிறுமியின் முகம்.

டில்டே.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. புது அச்சு வந்தால், சோதனை ஓட்டத்துக்கு அங்கே வேலை செய்பவர்களில் யாருடைய குழந்தையின் படத்தையாவது லேபிளாக அடித்து ஓட்டுவார்கள். நாலாம் எண் அச்சு வந்தபோது ஸோல்வெயின் மகள் டில்டேயின் முறை. எத்தனை தடவை படம் எடுத்தும், சிரிக்கிற சிரிப்பில் அவளுக்குக் கண் இடுங்கி மூடிக்கொண்டது. கடைசியில் அதையே போட்டார்கள். தூங்கிக்கொண்டே சிரிக்கிற ஐஸ்கிரீம் என்று கூட வேலை செய்யும் பிரேபென் அதற்குப் பெயர் வைத்தான். வீட்டுக்குக் கொண்டுபோன டப்பாக்களில் ஒன்றை டில்டே நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள். இது பசை போட்டு ஒட்டியது இல்லை, உருகின பிளாஸ்டிக்கோடு அச்சுக்குள்ளேயே கலந்துவிடும், தண்ணீரில் ஊறப்போட்டாலும் வராது என்று ஸோல்வெய் விளக்கினாள். அப்படியென்றால் என்னை யாராலும் பிய்த்தெடுக்க முடியாது என்று குழந்தை குதித்தது.

அடுத்த குளிர்காலம், கடற்கழியின் பனித்தளம் உடைந்து டில்டே உள்ளே போனாள்.

பக்கத்தில் ஸோல்வெய் மட்டும்தான் இருந்தாள். பனிக்கட்டிக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோல, மகளின் முகம் மெல்ல நகர்ந்து வந்து அவள் முழங்காலுக்கு அடியில் நின்றது. நகங்கள் பிய்யப் பிய்யச் சுரண்டினாள். பனிக்கட்டியின் மேல் வாயை வைத்துக் கத்தினாள். என்ன கத்தினாள் என்பதைக் கணவன் கிறெஸ்டெனிடம்கூடச் சொன்னதில்லை. அந்தக் குளிரில் விழுந்ததுமே நினைவு போயிருக்கும், குழந்தைக்கு எதுவும் தெரிந்திருக்காது, எதுவும் கேட்டிருக்காது என்றார் மருத்துவர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிறெஸ்டென் தூங்குகிறான். ஸோல்வெய்க்கு அது முடியவில்லை. மகளுக்குத் தன் குரல் கேட்டதா, இல்லையா? தனியாகப் போகாமல் அம்மாவின் குரலாவது கூட இருந்திருக்க வேண்டும் என்று ஒரு மனம். ஐயோ, கேட்டிருக்கவே கூடாது என்று இன்னொரு மனம். வீட்டிலிருந்த டப்பாக்களின் முன் அவள் உட்கார்ந்து நகத்தால் சுரண்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல், கிறெஸ்டென் ஒன்றுவிடாமல் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான்.

இப்போது ஒன்று அவள் கையில்.

"என்ன, உன் மெஷினுக்கும் கிறிஸ்துமஸ் லீவு வேணுமாமா?" என்றபடி பிரேபென் வந்தான். தலையில் சிவப்புக் குல்லா, உதட்டோரம் சர்க்கரைத் தூள். டப்பாவைப் பார்த்ததும் குல்லாவைக் கழற்றிவிட்டான். பழைய சோதனை லேபிள்களைத் தானே எரித்துவிட்டதாகவும், ஒன்றுகூட மிச்சமில்லை என்றும் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். பிறகு குனிந்து உற்றுப் பார்த்தான்.

"ஸோல்வெய், இது அந்தப் படம் இல்ல. அதுல அவ கண்ணு மூடியிருக்கும்."

டப்பாவில் டில்டேயின் கண்கள் திறந்திருந்தன.

கிறெஸ்டெனுக்குப் போன் போடுவதாகவும், எதையும் தொடாமல் இருக்கும்படியும் சொல்லிவிட்டு அவன் வேகமாகப் போனான். ஸோல்வெய் நின்ற இடத்திலேயே நின்றாள். இயந்திரத்திலிருந்து உருகிய பிளாஸ்டிக்கின் மெழுகு வாசனை வந்தது. அதனடியில் இன்னொரு வாசனை மெதுவாக எழும்பி வந்தது: உப்பும் பாசியும் கலந்த, பனி பிளந்த இடத்துத் தண்ணீரின் வாசனை.

சைரன் தானாக நின்றது. அவள் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. காலி அடுக்கை நோக்கி ரோபோ கை நீண்டது. ஒன்றுமில்லாததை எடுத்தது. பத்திரமாக அச்சுக்குள் வைத்தது. அச்சு மூடியது. திறந்தது.

இன்னொரு டப்பா. இதில் சிரிப்பு இல்லை.

அடுத்தது. தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

அடுத்தது. முகம் இன்னும் பெரிதாக, இன்னும் கிட்டத்தில். அச்சிலிருந்து விழும்போது பிளாஸ்டிக் தெளிவாக இருந்தது; ஆற ஆற வெள்ளை படர்ந்து முகத்தை மூடியது. அன்றைக்கும் இப்படித்தான். அவள் விட்ட மூச்சே பனிக்கட்டியின் மேல் வெள்ளையாகப் படிந்து மகளை மறைத்தது.

அவள் சுரண்டினாள்.

வராது என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்? சுரண்டினாள். ஒரு நகம் மடங்கியது. வலி தெரியவில்லை. இன்னொரு நகம். டப்பாவின் மேல் ரத்தக் கோடு.

பட்டை நிரம்பியது. டப்பாக்கள் தரையில் உருண்டன. எல்லா முகங்களும் அவள் பக்கம். எல்லாக் கண்களும் திறந்தபடி. இமை அசையவில்லை.

அச்சு மூடியது.

திறக்கவில்லை.

உள்ளே ஏதோ தட்டியது. இரும்பில் விரல் தட்டும் சத்தம். சின்ன விரல். பிறகு சுரண்டல்.

ஸோல்வெய் பாதுகாப்புக் கதவைத் தள்ளினாள். திறந்தால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. சூடான இரும்பில் கன்னத்தை வைத்தாள். தோல் சுட்டது. எடுக்கவில்லை. இரும்புக்குள்ளிருந்து ஈரமான, மிகவும் களைத்த குரல் வந்தது.

"நான் கண்ண மூடவே இல்லம்மா. நீதானே மூடாதே, என்னையே பாத்துக்கிட்டு இருன்னு சொன்னே."