அண்ணன் பிடித்திருந்த சுரம்

அண்ணன் இறந்து மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் பாட்டுக் குழு மறுபடியும் கூடியது. மரச்சாமான் கடையின் மாடியில் அதே அறை, அதே வார்னிஷ் வாடை. தெரு இரைச்சலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். முன்பு ஐந்து பேர். இப்போது அண்ணி, தையற்காரர், நர்ஸ், நான். என் இடது பக்கம் அண்ணன் நிற்கும் இடத்தை, யாரும் சொல்லாமலே காலியாக விட்டு நின்றோம்.

இருபத்தாறு வருடமாக வாத்தியம் எதுவும் இல்லாமல் வாயால் மட்டுமே பாடுகிற குழு எங்களுடையது. தாலாட்டும் உண்டு, துக்கப் பாட்டும் உண்டு, படகுப் பாட்டும் சினிமாப் பாட்டும் உண்டு. தையற்காரர் வாயாலேயே ரயில் விடுவார்; முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து தண்டவாளத்தைத் தேடும். எதைப் பாடினாலும் எங்களுக்கு இரண்டே சட்டம். கடைசி சுரத்தை நீளமாக இழுக்கும்போது எல்லாரும் ஒன்றாக மூச்சு வாங்கக் கூடாது. வாங்கி முடித்தவர் பக்கத்தில் நிற்பவரின் மணிக்கட்டைத் தொடுவார். 'நான் பிடித்துக்கொண்டேன், நீ வாங்கிக்கொள்' என்று அர்த்தம். தொடும்வரை மற்றவர் விடக் கூடாது. இரண்டாவது, அண்ணி தூக்கிய வலது கையை மூடினால்தான் பாட்டு முடியும்.

கடைசிக் கச்சேரியில் ரயில் பாட்டு முடிந்ததும் தாலாட்டு. நடுவில் அண்ணன் என் காதோரம், "நம்மாளு ரயில் இன்னைக்கும் லேட்டு" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. கடைசி சுரத்தில் இரண்டு முறை மூச்சு வாங்கினேன். அண்ணனைத் தொட மறந்துபோனேன். அவர் விடவில்லை. விடுகிற ஆளா அவர்? பிடித்தபடியே சரிந்தார். இதயக் கோளாறு என்றார் டாக்டர். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"தாலாட்டுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்," என்றார் அண்ணி.

"வேற ஏதாவது பாடலாமே அண்ணி."

"விட்ட இடத்துலேர்ந்துதான் தொடங்கணும்."

பாடினோம். அண்ணனுடைய அடிக்குரல் இல்லாத தாலாட்டு, பலகை கழன்ற தொட்டில் மாதிரி ஆடியது. கடைசி சுரத்தைத் தையற்காரர் பாதியில் விட்டார். நர்ஸ் நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். அண்ணியும் பாட்டை விட்டு, கையை மட்டும் தூக்கியபடி நின்றார்.

சுரம் நிற்கவில்லை.

அடித்தொண்டையிலிருந்து, என் இடது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தரை உள்ளங்காலில் அதிர்ந்தது.

"கீழ கடையில மெஷின் ஓடுதா?" நர்ஸ் கிசுகிசுத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஏதும்மா கடை?" என்றார் தையற்காரர். அதற்குள் இரண்டு பேரும் கதவுவரை பின்வாங்கியிருந்தார்கள்.

சுரம் மெல்லக் கரகரக்கத் தொடங்கியது. காற்றுக்குத் தவிக்கிற கரகரப்பு. அதை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"அன்னைக்கு நீ அவரைத் தொட்டேதானே?" அண்ணி என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இல்ல அண்ணி. மறந்துட்டேன்."

தூக்கிய கையை அவர் இறக்கவில்லை.

அந்தத் தவிப்பை என்னால் தாங்க முடியவில்லை. மூச்சை இழுத்து, அந்தச் சுரத்தைப் பிடித்து, இடது கையைக் காலி இடத்தில் நீட்டினேன்.

மணிக்கட்டு இருந்தது.

குளிர்ந்து, ஈரமாக. கடிகாரத்தின் தோல் பட்டைகூட விரலில் பட்டது. அந்தக் கடிகாரம் அண்ணியின் பீரோவில் இருக்கிறது.

கரகரப்பு அடங்கியது. என் காதோரம் யாரோ மூச்சை இழுத்தார்கள். இழுத்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று மாதத்து மூச்சு. மன்னிச்சிடுண்ணா என்று மனசுக்குள் சொல்லி அழுதேன். சுரத்தை மட்டும் விடவில்லை.

இனி என்னை யாராவது தொட வேண்டும். வலது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் அண்ணி. பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

தொடவில்லை.

நெஞ்சு எரிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று புரிந்தது.

இடது மணிக்கட்டில் ஒரு விரல் பட்டது.

முழங்காலில் விழுந்து காற்றை அள்ளிக் குடித்தேன். என் தலைக்கு மேல் அந்தச் சுரம் மறுபடியும், தெளிவாக, வலுவாக ஓடியது. அண்ணன் என்னை மன்னித்துவிட்டார்.

"போதும் அண்ணி," என்றேன். "கையை மூடுங்க. அவர் போகட்டும்."

அண்ணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அவர் முகத்தில் இல்லாத நிம்மதி இப்போது இருந்தது.

"எழுந்திரு தம்பி," என்றார் மெதுவாக. "அவருக்கு மூச்சு முட்டும். இன்னைக்காவது மறக்காதே."

அவருடைய வலது கை விரிந்தே இருந்தது.