கோமதி கொடுத்த காபி

ரவிச்சந்திரன் இந்த முறை நிஜமாகவே செத்திருந்தார்.

டிவி சீரியல்களில் பலமுறை செத்தவர்தான். லாரி மோதி... குளத்தில் விழுந்து... ஒவ்வொரு முறையும் அடுத்த சீரியலில் பிழைத்து வந்துவிடுவார்.

இனி வரமாட்டார்!

தீவின் மின்னி பே கடற்கரை வீட்டு வராந்தாவில், கடலைப் பார்த்த நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாயோரம் நுரை. காலடியில் உருண்டு கிடந்த காபி டம்ளர்.

காபியில் விஷம்!

இன்ஸ்பெக்டர் பாலகுமார் சோபாவில் இருந்தவளைப் பார்த்தார்.

சங்கவி.

ஒரு காலத்தில் தமிழ்நாடே கண்ணீர் விட்ட 'கோமதி'. அந்த சீரியலில் ரவிச்சந்திரனின் மனைவி. பழைய நடிகர்கள் கூடும் சென்னை விழாவுக்கு அவரை அழைத்துப்போக நேற்றுதான் விமானத்தில் வந்திருந்தாள். இரவு இங்கேயே தங்கினாள்.

சமையலறை வாசலில் ரவிச்சந்திரனின் நிஜ மனைவி பங்கஜம். அழவில்லை. போலீஸ் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் அசைத்தாள். அதிர்ச்சி என்று விட்டுவிட்டார்கள்.

"சாட்சி இருக்கு மேடம்," என்றார் பாலகுமார். "அரே முருகையா, நீங்களே சொல்லுங்க."

பக்கத்து வீட்டு முருகையா, ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடிந்ததும் மதிலுக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கேட்டாராம்.

"காபி ஆறிடும், முழுசா குடிச்சிடுங்கன்னு சொல்லிச்சு சார். கோமதி குரல், பக்கா. அந்தக் காலத்துல சென்னைக் கப்பல்ல கேசட் வரும், தெருவே கூடி உட்கார்ந்து பார்ப்போம். மறக்குமா?"

சங்கவி எழுந்தாள்.

"நான் எழுந்ததே இந்த அக்கா வந்து கதவைத் தட்டினப்புறம்தான் சார்."

கரகரத்த குரல்... தெலுங்கு வாடை...

முருகையாவின் முகம் மாறியது. "சார்... இந்தக் குரல் இல்ல."

"க்யா? என்ன சொல்றீங்க?" என்றார் பாலகுமார்.

சங்கவி தலைகுனிந்தாள். தான் விஜயவாடாப் பெண் என்றாள். அப்போது தமிழே வராது. வாய் மட்டும் அசைப்பாள், குரல் டப்பிங் தியேட்டரில் வேறு யாரோ கொடுத்தது.

"யார்?"

"தெரியாது சார். நான் கேட்டதே இல்ல." கண்கள் நிறைந்தன. "எனக்கு அவார்டு கொடுத்தாங்க. 'அந்தக் குரலுக்காகவே கொடுக்கிறோம்'னு மேடையில சொன்னாங்க. என்னோடது மாதிரி கும்பிட்டுட்டு வாங்கிட்டு வந்தேன். ஒரு பேர்... அவங்க பேரையாவது கேட்டிருக்கலாம்."

"பங்கஜம்."

எல்லோரும் திரும்பினார்கள்!

கோமதியின் குரல்!

சமையலறை வாசலிலிருந்து. இத்தனை வருஷமாக மதிலுக்கு அந்தப் பக்கம் முருகையா கேட்டுப் பழகிய பங்கஜத்தின் குரல் இது இல்லை.

"நீங்களா அக்கா?" என்றாள் சங்கவி. "ஊமைன்னு நினைச்சேன்."

"உன் முன்னாடி பேசக்கூடாதுன்னு சொல்லிட்டார்மா. நீ சங்கடப்படுவியாம்." பங்கஜம் நாற்காலியைப் பார்த்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கண்ணை மூடிக்கிட்டு, கோமதி மாதிரி பேசுன்னு கேட்பார். கண்ணைத் திறந்தா நான் இருப்பேனே. நேத்து நீ வந்தே. கண்ணைத் திறந்துக்கிட்டே சிரிச்சார். அதைத்தான் தாங்க முடியல."

"அப்புறம் எதுக்கு அந்தக் குரல்ல பேசினீங்க?" பாலகுமார் கேட்டார்.

"கடைசி காபி. அவருக்குப் பிடிச்ச குரல்ல கொடுக்கணும்னு தோணிச்சு." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "பழி இவ மேல விழும்னு நினைக்கல. விழுந்ததும் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அவரைக் கொன்னதைவிட அதுதான் உறுத்துது."

சங்கவி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்துக்கும் நான்தான் காரணம் சார். தப்பு பண்ணினவ நான்தான்..."

பங்கஜம் கையை மெல்ல விடுவித்து, இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"வேண்டாம்மா. இந்த ஒரு டயலாக்குக்காவது நீ வாயசைக்காம இரு."