லிஃப்டை மறித்த எலுமிச்சம்பழம்

ஏழு மாடி ஆஸ்பத்திரியை ஒரே ஓர் எலுமிச்சம்பழத்தால் அசையவிடாமல் நிறுத்தி வைத்தவள் பட்டாணி. வயது ஒன்பது. நீங்கள் நம்ப வேண்டாம்; அவளுடைய அண்ணனே நம்பவில்லை.

அவன் மேல் தப்பில்லை. பட்டாணியின் குரல் அப்படி. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது அவள் பதில் சொன்னது அவளுக்கே கேட்காது. முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே வருஷத்தில் பாதி நாள் 'வரவில்லை' என்று பதிவானவள்.

அம்மாவின் வயிற்றில் ஒரு புற்றுநோய்க் கட்டி இருந்தது. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு எதுவும் தொண்டையில் இறங்காது, எலுமிச்சைச் சாறு தவிர. அதைப் பிழிந்து கொடுப்பது பட்டாணியின் வேலை.

ஒருநாள் அங்கே அம்மாவைப் பார்க்கும் டாக்டரம்மா தன் மாணவர்களிடம் பேசியது பட்டாணியின் காதில் விழுந்தது. கட்டியைச் சுற்றி அமிலம் சேருமாம். அதில் பக்கத்திலிருக்கும் நல்ல செல்கள் வாடிவிடுமாம், கட்டி மட்டும் பரவுமாம். சில மருந்துகளின் பலத்தைக்கூட அது குறைத்துவிடுமாம்.

அமிலம் என்றால் என்ன என்று வீட்டில் அண்ணனிடம் கேட்டாள். அவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"புளிப்பா இருக்குமே, அதான். எலுமிச்சம்பழத்துல இருக்கு, போ."

பட்டாணி கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு இரண்டு பழம். இரண்டு மாதம். அத்தனையும் அவள் கையால் பிழிந்தது. கட்டிக்குத் தீனி போட்டது அவளேதானா?

அன்றே வீட்டிலிருந்த எலுமிச்சம்பழங்கள் தலைமறைவாகின. தலையணை உறைக்குள் இரண்டு, அண்ணனின் ஷூவுக்குள் ஒன்று. அவன் காலை நுழைத்துவிட்டு நொண்டியது தனிக் கதை. அம்மா கேட்டபோது கடையில் பழம் இல்லை என்று பொய் சொன்னாள்.

வெறும் தண்ணீரைக் கண்டாலே அம்மாவுக்குக் குமட்டியது. மூன்றாம் நாள் உதடு வெடித்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். பட்டாணி ஒளித்த பழங்களில் ஒன்றை எடுத்துத் தன் பைக்குள் போட்டுவைத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றான். டாக்டரம்மா லிஃப்டுக்குள் போவதைப் பட்டாணி பார்த்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கதவு மூடத் தொடங்கியது.

வாய் வராவிட்டால் என்ன, கை வந்தது. பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டாள். அது நேரே போய்க் கதவின் பள்ளத்தில் உட்கார்ந்தது. கதவு வந்து முட்டியது, திறந்தது. மறுபடி முட்டியது, திறந்தது. ஏழு மாடியிலும் ஆட்கள் பட்டனைக் குத்தோ குத்து என்று குத்தினார்கள். படியில் இறங்கிய கூட்டத்தில் கட்டிடமே ஒரு பக்கம் சாய்ந்ததாகக் கேள்வி.

"யாரோட பழம் இது?" என்றார் டாக்டரம்மா.

பட்டாணி லிஃப்ட் வாசலில் போய் நின்றாள்.

"எங்கம்மாவோட கட்டிய நான்தான் வளர்த்தேனா?"

எல்லாருக்கும் கேட்டது. லிஃப்டே அடங்கிப்போனது. அவள் பழத்தின் கதையை விக்கி விக்கிச் சொல்லி முடிக்கும்வரை டாக்டரம்மா குந்தி உட்கார்ந்து கேட்டார்.

"இல்லம்மா. அந்த அமிலத்தைக் கட்டி தானே தயாரிக்குது. நாம சாப்பிடற புளிப்பு அங்க போய்ச் சேராது, உடம்பு அதைச் சரிபண்ணிடும். நீ குடுத்த சாறுலதான் அம்மா இத்தனை நாள் நின்னாங்க. வாய்ப்புண் வந்தா மட்டும் நிறுத்து."

"அப்ப கட்டி போயிடுமா?"

"இன்னும் தெரியாது. அடுத்த மாசம் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். அதுவரைக்கும் அம்மாவுக்குத் தெம்பு வேணும்."

லிஃப்டுக்குள் நின்ற ஒரு மீசைக்காரர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா? புளிப்பு கட்டிக்கு ஆகாதுன்னு ஒரு மாசமா எனக்கு ஆரஞ்சைக் கண்ணுல காட்டல நீ."

சாயங்காலம் அம்மா ஒரு டம்ளர் சாற்றை மடக்கு மடக்காகக் குடித்து முடித்தாள். நடந்ததைக் கேட்ட அண்ணன் சிரித்துத் தள்ளினான். டாக்டரையே மறிச்சியாக்கும், அதுவும் நீ, என்றான்.

அடுத்த வாரம் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் புதுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது: 'கட்டியின் அமிலம் வேறு, பழத்தின் புளிப்பு வேறு. சந்தேகம் இருந்தால் கேளுங்கள். தயவுசெய்து பழத்தை உருட்ட வேண்டாம்.'

அண்ணன் அதை இரண்டு தடவை படித்தான். காது சிவந்தது.

"சரி, நடந்துதான் இருக்கு," என்றான். "நான்தான் பாதி பதில் சொல்லி உன்னைப் பயமுறுத்திட்டேன்."