ஆறு கொம்புக் கிரீடம்

"ஐயோ!"

அலறியது அருங்காட்சியகக் காவலாளி.

பழுது பார்க்கும் அறை. தரையில் மல்லாந்து கிடந்தான், அங்கே வேலை பார்த்தவன். நெஞ்சின் மேல் ஆறு கொம்புக் கிரீடம். ஒரு கொம்பு முழுசாய் உள்ளே!

மேஜையில் ஸ்பிரிட் விளக்கு, நுனி கருத்த ஊசி.

"மேல் அலமாரிலேருந்து விழுந்திருக்கு, மேடம்," என்றார் காப்பாட்சியர். இறந்தவன் அவருடைய தங்கை புருஷன். கையில் கர்ச்சீப் இருந்தது. கண்ணில் ஈரம்தான் இல்லை. "ரெண்டு நாளா மாப்பிள்ளையை நான் பார்க்கவேயில்லை. பாவம்!"

பெண் இன்ஸ்பெக்டர் குனிந்தாள். "பேய் வேஷத்துக் கிரீடமா சார்?"

காப்பாட்சியர் உதட்டைச் சுழித்தார்.

"பேயா! நல்லா படிச்சீங்க போங்க! மேற்காசியாவோட பழைய சிற்பங்கள்ல கொம்புதான் தெய்வத்துக்கு அடையாளம். காளையோட பலம்! ஒரு ஜோடின்னா சின்ன சாமி. மூணு ஜோடின்னா பெரிய சாமி. இது பூசாரி தலையில வச்ச அசல் மாட்டுக் கொம்பு. சான்றிதழ் கொடுத்ததே நான்தான். நாளைக்குக் கண்காட்சி திறப்பு!"

"அசலேதானா?"

"என் முப்பது வருஷப் பேரு, மேடம்!"

"அப்ப இது கொலை."

"எ... என்னது?"

"கொம்புல சீப்பு செய்யறவங்களைக் கேளுங்க, சார். மாட்டுக் கொம்பு நம்ம நகம் மாதிரி. உள்ளே இருக்கிற எலும்பை உருவிட்டா வெறும் கூடு! பூசாரி ஆறையும் மணிக்கணக்கா சுமக்கணுமே... இன்னும் சுரண்டி மெல்லிசாக்குவாங்க. விழுந்தா அதுதான் பிளக்கும். நெஞ்சு பிளக்காது! யாரோ வேற எதாலயோ குத்திட்டு, அந்த ஓட்டையில கொம்பைச் சொருகியிருக்காங்க."

காப்பாட்சியரின் வழுக்கை வியர்த்தது.

பேரா... கழுத்தா?

கழுத்து ஜெயித்தது!

"போலி, மேடம்! பிளாஸ்டிக்! உள்ளே இரும்புக் கம்பி! அதான் இறங்கிடுச்சு!"

"கம்பி வெளியே தெரியலையே. யார் சொன்னா?"

"மாப்பிள்ளைதான்... ஊசியைக் காய்ச்சி வச்சான். அசல்னா முடி கருகின நாத்தம் வரணும். வரலை. கொம்பைத் துளைச்சுப் பார்த்துட்டு, இன்னைக்குக் காலைல என்கிட்ட..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். தாமதம்!

"ரெண்டு நாளா பார்க்காத மாப்பிள்ளையா சார்?"

காப்பாட்சியர் நாற்காலியில் சரிந்தார். "வெளியே சொல்லாதேன்னு கெஞ்சினேன்... சிரிச்சான், மேடம்! என்னைப் பார்த்து சிரிச்சான்!"

விலங்கு விழுந்தது.

காவலாளி தலையைச் சொறிந்தான். "மேடம், நாளைக்குத் திறப்பு விழா?"

"இடம் கோர்ட்டுக்கு மாறிடுச்சுன்னு போர்டு வை. போலி ரெண்டும் அங்கேதான் இருக்கும்... அனுமதி இலவசம்!"