நுரைக்கூடு

அட்டையை உருவிய பிறகும் மீன்கள் சண்டைக்கு நிற்கவில்லை.

ஃபைட்டர் மீன் வளர்த்து விற்கும் அவனுக்கு அது புதிதாக இருந்தது. ஜன்னலோரப் பலகையில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், ஜாடிக்கு ஓர் ஆண் மீன், ஒன்றையொன்று பார்க்காமலிருக்க நடுவில் அட்டை. அட்டையை எடுத்ததும் பக்கத்து வீட்டுக்காரனைக் கண்ட கோபத்தில் செவுள் மூடியை விரித்து, துடுப்பைச் சிலுப்பிக்கொண்டு, கண்ணாடியை முட்டித் தீர்க்கும். வாங்க வருபவர்கள் அந்த வீறாப்பில்தான் மயங்குவார்கள். இன்றோ அத்தனையும் துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அடியில் ஒடுங்கிக் கிடந்தன. சிவப்பும் நீலமும் வடிந்து, எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

“உங்க மீனுக்கெல்லாம் புத்தி வந்துடுச்சு. உங்களுக்குத்தான் எப்ப வருமோ,” என்று கதவில் சாய்ந்தபடி சிரித்தாள் மனைவி. பாதிச் சிரிப்பிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். மதியம் கண்ணயர்ந்து எழுந்தால் பிழிந்து போட்ட துணிபோல் துவண்டு வருகிறாள். டாக்டர் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்.

“மறுபடி படுக்கவா போற?”

“கண்ணு சொருகுதுங்க. செத்த நேரம்.”

அவள் திரும்பியபோது முழங்கைக்கு மேலே வெளிறிய பட்டைகள் தெரிந்தன. “பாய் தடம்,” என்று தேய்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவர்கள் வீட்டில் படுப்பது மெத்தையில். பாயே கிடையாது.

அவன் தண்ணீரை மாற்றினான், உப்புப் போட்டான், மருந்து விட்டான். எதற்கும் மீன்கள் அசையவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தேங்கிய குட்டையின் பாசி வாடை வீட்டுக்குள் கனத்துப் பரவியது. ஜாடிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தான், எதிலிருந்தும் அது வரவில்லை. மொத்த வியாபாரிக்குப் போன் போட்டான்.

“நோயா இருந்தா ஒண்ணு ரெண்டுக்கு வரும். மொத்தமும் சாயம் போய்க் கெடக்குதுன்னா பயம்யா அது,” என்றார் அவர். “பெரிய ஆண் ஒண்ணு பக்கத்துல நின்னா, தோத்தவனெல்லாம் இப்படித்தான் ஒடுங்குவான். புதுசா எதையாவது கொண்டாந்து விட்டியா?”

“இல்லண்ணே. எல்லாம் பழசுதான்.”

“அப்ப நல்லாத் தேடு. ஜெயிச்சவன் சும்மா இருக்க மாட்டான், எங்கயாவது நுரைக்கூடு கட்டியிருப்பான். பொண்ணு உடம்புல பட்டை விழுந்திருந்தா அதுவும் தயார்னு அர்த்தம். முட்டை விட்டதும் பொண்ணை வெளிய எடுத்துடு. உனக்குத் தெரியாததா? விட்டா கடிச்சே கொன்னுபுடும்.”

போனை வைத்தான்.

பட்டை.

தெரியாமலென்ன, எத்தனை ஜோடி சேர்த்திருக்கிறான். ஆண் வாயால் குமிழி ஊதிக் கூடு கட்டும். பட்டை விழுந்த பெண் தலை தாழ்த்திக் கூட்டின் கீழே தானாகப் போய் நிற்கும். ஆண் அதை வளைத்துச் சுற்றி இறுக்கும். பெண் செத்ததுபோல் மிதக்கும். அதன் வயிற்றிலிருந்து உதிரும் முட்டைகளை ஆண் ஒவ்வொன்றாய் வாயில் கவ்வி நுரைக்குள் ஒட்டும். கடைசி முட்டையும் ஒட்டிய பிறகுதான் பெண்ணைக் கடிக்கத் திரும்பும். அதற்குள் வலைபோட்டு அள்ளிவிடுவான். ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை.

படுக்கையறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குமிழி உடைவதுபோல, ஈரமாக, ‘ப்ளப்’ என்று. மழைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுபடி. மறுபடி. ஏதோ ஒன்று பொறுமையாக ஊதிக்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளினான்.

கட்டிலுக்கு நேர் மேலே உத்தரத்தில் வெண்ணுரை. தலையணை அகலத்துக்கு, ஒவ்வொரு குமிழியும் எலுமிச்சை அளவில், பளபளவென்று. மனைவி கட்டிலின்மேல் எழுந்து நின்றிருந்தாள். தலை தாழ்ந்திருந்தது. கழுத்து, கை, கணுக்கால் எங்கும் பட்டைகள்.

“இறங்கு! வெளிய போயிடலாம், வா!” கையைப் பிடித்து இழுத்தான். கை ஐஸாய்க் குளிர்ந்தது.

“விடுங்க.” கெஞ்சலாகத்தான் சொன்னாள். “பாவம், எவ்வளவு சிரமப்பட்டுக் கட்டியிருக்கு.”

“ஐயோ, உன் கால்ல விழறேன், வந்துடு!”

இடுப்பைக் கட்டித் தூக்கப் போனான். அங்கே ஏற்கெனவே ஏதோ இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. வழவழவென்று. செதில் செதிலாக. அவன் கைக்குள் அது மெல்ல வளைந்தது.

அலற வாயைத் திறந்தான். குரல் எழவில்லை. கால்கள் பின்னால் போயின. அவன் போகச் சொல்லவில்லை, அவையாகப் போயின. முதுகு சுவரில் மோதியது. கைகள் விலாவோடு ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பார்த்தான். வரவில்லை. கீழே பார்த்தான். விரல்களெல்லாம் சாம்பல் நிறம்.

அவளது சேலை இடுப்பைச் சுற்றி வளையமாய் மடிந்தது. இறுகியது. இன்னும் இறுகியது. பாதங்கள் மெத்தையை விட்டு எழும்பின. தலை பின்னால் சாய, கண் திறந்தபடியே, அந்தரத்தில் மிதந்தாள்.

வெள்ளை மணிகள் தரையில் உதிர்ந்தன.

போ. தூக்கு. வெளியே எடு. மனசு கதறியது. உடம்பு மூலைக்குள் இன்னும் ஒடுங்கியது.

ஒரு மணி தரையிலிருந்து தானாக எழும்பிப் போய் நுரையில் ஒட்டியது. பிறகு இன்னொன்று. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாய்.

கடைசி மணியும் மேலே போனது.