குழந்தைகள் இல்லாத நகரம்

பிளாஸ்டர் ஊற்றி முடித்த பிறகும் குமிழிகள் நிற்கவில்லை.

காற்று அடைபட்டிருந்தால் நாலைந்து குமிழிகள் பொங்கி உடைந்து அடங்கிவிடும். அது அவள் அன்றாடம் பார்ப்பதுதான். இவை அப்படி வரவில்லை. ஒன்று மேலே வந்து, உப்பி, ஓசையில்லாமல் உடையும். கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது. பிறகு அதே இடத்தில், அதே அளவில் இன்னொன்று. தூங்குகிற பிள்ளையின் மூச்சைப் போல அத்தனை ஒழுங்கு. வெயில் உச்சிக்கு ஏறும்வரை குழியோரம் குந்தியிருந்து பார்த்தாள். கடைசிக் குமிழி உடைந்து, இனி வராது என்று ஆனபோது அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மாறாக, இன்னொன்று வராதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்த மலை வெடித்து, ஒரே நாளில் சாம்பலில் புதைந்துபோன பழைய நகரம் அது. சாம்பல் இறுகிக் கல்லாகிவிட்டது. உள்ளே செத்தவர்களின் உடல் மக்கிப்போய், அவர்கள் கிடந்த வடிவம் மட்டும் வெற்றுப் பொந்தாக நின்றது. கம்பி விட்டு அந்தப் பொந்தைக் கண்டுபிடித்து, பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் சுற்றியிருக்கும் சாம்பலைச் செதுக்கி எடுத்தால், அந்த மனிதர் கடைசி மூச்சில் எப்படி இருந்தாரோ அப்படியே வெளியே வருவார். அதுதான் அவள் வேலை. எந்நேரமும் புருவத்தில் வெள்ளைத்தூள் அப்பியிருப்பதால் தோண்டுகிறவர்கள் அவளை மாவக்கா என்று கூப்பிட்டார்கள். இந்த உத்தியோகத்தில் லாபம் பார்ப்பது சோப்புக் கம்பெனிக்காரன் மட்டும்தான் என்று அவளும் கூடச் சேர்ந்து சிரித்த காலம் உண்டு.

மகள் போன பிறகு சிரிப்பது நின்றது. தொற்றுக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க மட்டுமே விட்டார்கள். உள்ளே பிள்ளை கையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டது. சத்தம் கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. முடிந்த பிறகும் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். ஒரு தடவை மடியில் போட்டுக்கொள்ளக்கூட அவளுக்கு வாய்க்கவில்லை.

கொஞ்ச நாள் வீட்டிலேயே இரேன் என்று எல்லாரும் சொல்லியும் அவள் வேலைக்குத் திரும்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நகரத்தில் குழந்தைகள் இல்லை. நீதிமன்றத்தின் தூண்களுக்கு நடுவே, குளியல் கூடத்தில், கடைவீதியில் என்று எங்கெங்கோ ஆட்கள் கிடைத்தார்கள். சுவரில் பிள்ளைகளின் கிறுக்கல்கள் இருந்தன, உள்ளங்கையளவு செருப்புகள் கிடைத்தன, ஆனால் ஒரு பிள்ளையின் பொந்துகூட அகப்படவில்லை. அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய மேடம் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். மலை புகையத் தொடங்கியதுமே பிள்ளைகளைப் படகேற்றி அனுப்பியிருப்பார்கள். பழைய துறைமுகத்தில் கயிறு கட்டும் கல்வளையங்கள் காலியாகத்தானே கிடக்கின்றன? அதைச் சொன்ன மேடத்தைவிட அவள்தான் அதிகமாக நம்பினாள். தூக்கம் வராத வேளைகளில் கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைகள் நிறைந்த படகுகள் கரையை விட்டு விலகிப் போவதை நினைத்துக்கொள்வாள்.

குமிழிகள் வந்த மறுநாள் சாம்பலைச் செதுக்கியபோது வெளியே வந்தவள் ஒரு பெண். நகர வாசலின் மதிலோரம் மண்டியிட்டு, முதுகை வளைத்து, இரண்டு கைகளையும் எதையோ அணைத்த மாதிரி வைத்திருந்தாள். அந்த அணைப்புக்குள் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பதுதான் மாவக்காவைத் திகைக்க வைத்தது. அங்கே சாம்பல் இருந்திருக்க வேண்டும். சாம்பல் இல்லையென்றால் பிளாஸ்டர் ஓடி நிறைந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், வழவழப்பாக, கதகதப்பாகக்கூட ஒரு காலியிடம். பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தாள். பெண்ணின் முழங்கையின் உட்புறத்தில், நேற்று அவள் ஊற்றிய பிளாஸ்டரில், சின்னச் சின்னதாக நாலு பள்ளங்கள். எதிர்ப்பக்கம் ஒன்று. ஈரமாக இருந்தபோது யாரோ இறுகப் பிடித்த விரல்கள்.

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“காத்து அடைச்சிருக்கும்மா. சில சமயம் இப்படி ஆகும்.”

“காத்துக்கு விரல் உண்டா மேடம்? நான் ஊத்தும்போது இங்க ஏதோ இருந்திருக்கு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்போ இப்போ அது எங்க?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மறுபடி அந்தப் பக்கம் பார்க்காமல் தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு இடது தோள் விண்விண்ணென்று தெறித்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கணவன் தைலம் தேய்த்துவிட்டபடி, எதையாவது தூக்கினாயா என்று விசாரித்தான். எதையும் தூக்கவில்லை என்றாள். அடுப்படிக்கும் கூடத்துக்குமாக அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

“என்னங்க?”

“இடுப்பை அப்படி வச்சுக்கிட்டு நடக்காத.”

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இடுப்பை ஒருபக்கம் ஒடித்து, இடது கையை வளைத்து, பிள்ளையைச் சுமக்கிறவளைப் போல நடந்துகொண்டிருந்தாள். கையை உதறி நேராக்கினாள். அது உடனே நேராகவில்லை.

அடுத்த நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. தோண்டுகிறவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள். இதுவரை வார்த்தெடுத்தவர்களை எல்லாம் வைத்திருந்த தகரக் கொட்டகைக்குள் அவள் தார்ப்பாயோடு நுழைந்தாள். ஒழுகும் இடத்தில் மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கூட்டிப்போகக் கணவன் வருவதாகச் சொல்லியிருந்தான். கூரைமேல் மழை தடதடத்தது. நனைந்த சாம்பலின் வாடை, அணைத்த அடுப்பைப் போலவும் பழைய துணியைப் போலவும் கலந்து, தொண்டையில் வந்து உட்கார்ந்தது. சன்னல் வழியே விழுந்த மங்கல் வெளிச்சத்தில் பலகைகள்மேல் வரிசையாகக் கிடந்த வெள்ளை மனிதர்களின் நிழல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. மின்சாரம் போனது.

தார்ப்பாயை விரித்தபடி அவர்களைப் பார்த்தாள். எல்லாரும் அவள் கையால் வெளியே வந்தவர்கள். ஆனாலும் இன்றுதான் முதல் தடவை பார்ப்பது போல இருந்தது. குளியல் கூடத்துப் பெரியவரின் ஒரு கை கீழே தொங்கி, விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மூடியிருந்தன. கடைவீதி வியாபாரியின் கைகள் தோளுக்கு மேலே, கழுத்தில் உட்கார்ந்திருக்கும் யாருடைய கால்களையோ பற்றியது போல. தூணடியில் கிடந்த பெண்ணின் கை மார்போடு வளைந்து. சூட்டில் தசை இறுகினால் கை அப்படி மடங்கும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் வருகிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்லியிருக்கிறாள்.

படகுகள் இல்லை. எந்தப் படகும் போகவில்லை.

மதிலோரத்துப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கைகள் மட்டும் தாமாக வளைந்தன.

கனம் இறங்கியது.

மெதுவாகத்தான். தூக்கக் கலக்கத்தில் மடியேறுகிற பிள்ளையைப் போல, முதலில் ஒரு முட்டி, பிறகு இடுப்பு, பிறகு முழங்கை மடிப்பில் தலை. மகள் இல்லை. அது உடனே தெரிந்துவிட்டது. அவள் பிள்ளை மடியில் ஒரு நிமிடம் சும்மா இருக்காது, நெளிந்துகொண்டே இருக்கும். இது அசையவில்லை. இத்தனை காலம் பத்திரமாக எங்கேயாவது சேர யாரோ ஒருத்தியின் கைக்காகக் காத்திருந்த அசைவின்மை. குனிந்து பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பார்த்தாள். மங்கலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் உடுப்பு மட்டும் ஒரு தலையின் அளவுக்கு உள்ளே அமுங்கியிருந்தது.

விடலாம். எழுந்து ஓடலாம்.

இறுக்கிக்கொண்டாள்.

வெளியே வண்டிச் சத்தம். ஹாரன். கணவன் குரல்.

“வரியா? மழை வலுக்குது.”

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

தரையெங்கும் பிளாஸ்டர் தூள். பெரியவரின் பலகைக்குக் கீழே, அந்தத் தூளில், ஒரு சின்னப் பாதம் பதிந்தது. விரல்கள் முதலில். பிறகு குதிகால். அங்கே யாரும் இல்லை. இன்னொரு பாதம். வியாபாரியின் பக்கமிருந்து ஒன்று. தூணடிப் பெண்ணின் பக்கமிருந்து. ஒவ்வொரு பலகையிலிருந்தும். முண்டியடிக்காமல். அடம் பிடிக்காமல். அவளை நோக்கி.

முழங்காலருகே நின்றன. காத்திருந்தன.

அவள் கால்களை நகர்த்தி மடியில் இடம் பண்ணினாள்.

முதுகில் ஒரு குளிர்ந்த கன்னம் சாய்ந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு கை. இன்னொன்று. மூச்சு முட்டியது. திறந்து கிடந்த கதவுக்கு அப்பால், இடிந்த தெருக்களின் பக்கமிருந்து, மழைத்தண்ணீரில் சின்னக் கால்கள் அளைந்து அளைந்து வரும் சத்தம் கேட்டது. வாசற்படியில் ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாக ஏறின. அதற்குப் பின்னாலும் வந்துகொண்டே இருந்தன.