பீப் இல்ல

காலை 11.20. முடிச்சூர் ஆய்வு மையத்தில் கருவியைக் காணவில்லை. உள்ளங்கை அளவுதான், முன்னந்தலையில் ஈரப் பஞ்சு வைத்து மூளைக்கு மெல்லிய மின்சாரம் செலுத்துவது. ஆட்டிசம் உள்ளவர்களின் நினைவாற்றல் அதனால் கூடுமா என்று டாக்டர் ராஜகோபாலன் ஆறு மாதமாகச் சோதித்துக்கொண்டிருந்தார்.

12.05. எஸ்.ஐ. மெட்டில்டா வந்தாள்.

"பத்தரைலேர்ந்து இருபது நிமிஷம் அனுப்பிரியாவுக்கு வெச்சேன் மேடம்," என்றான் டெக்னீஷியன் தயாளன். "கழட்டி டேபிள்ல வெச்சிட்டு டீ குடிக்கப் போனேன். வந்தா இல்ல. ரூம்ல அந்தப் பொண்ணு மட்டுந்தான்."

இருபத்திரண்டு வயது அனுப்பிரியா நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். நெற்றியோரம் மினுமினுப்பு. "பீப் இல்ல. பீப் இல்ல."

"பயந்தா சொன்னதையே சொல்லுவா மேடம்," என்றாள் அம்மா ரத்தினபாய். துப்பட்டாவால் மகளின் தலையை மூட மூட, மகள் தள்ளிவிட்டாள். "திருடின்னு எழுதிட்டா இனிமே எங்கயும் சேத்துக்க மாட்டாங்க."

மெட்டில்டா அம்மாவின் கையையே பார்த்தாள். குற்றம் செய்தவர்களும் இப்படி மூடுவார்கள்; கூச்சப்படுகிறவர்களும் இப்படித்தான். இது எது?

"தலையில என்னம்மா?"

"எண்ணெ... வெச்சிட்டு வரக் கூடாதுன்னாங்க. மறந்துட்டேன். டாக்டர் திட்டுவாரேன்னு..."

"வெச்சா என்ன டாக்டர்?"

"கரண்ட் ஏறாது. கருவி விடாம பீப் அடிக்கும். ஸ்டார்ட்டே ஆகாது."

மெட்டில்டா திரும்பினாள். "இந்தத் தலையில இருபது நிமிஷம் எப்படி வெச்சீங்க தயாளன்?"

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"தொட்டிருந்தா எண்ணெ கையில பட்டிருக்கும். நீங்க தொடவே இல்ல. கருவி அதுக்கு முன்னாடியே வெளிய போயிருச்சு. எதிர்த்துப் பேசத் தெரியாதுன்னு இவ மேல போட்டீங்க. இவ 'பீப் இல்ல'ன்னு ஒரு மணி நேரமா சாட்சி சொல்லிட்டு இருக்கா."

தயாளன் சுவரோடு சரிந்தான். "எம் பொண்ணும் இப்டிதான் மேடம். ஒம்போது வயசு. சின்னப் புள்ளன்னு இங்க சேத்துக்கல. மிஷின் பம்மல்ல கீது, எங்க வூட்ல. பன்னெண்டரைக்கு வெக்கச் சொல்லி சம்சாரத்தாண்ட..."

12.31. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினார். "குழந்தைக்கு அளவே வேற!"

மெட்டில்டா போனைத் தயாளன் கையில் திணித்தாள். ஐந்தாவது ரிங்கில் ஸ்பீக்கரில் அவன் மனைவியின் எரிச்சலான குரல்.

"இன்னா மிஷின்யா இது? வெச்சதுலேர்ந்து கத்திக்கினே கீது. இப்பதான் பாப்பாக்கு எண்ணெ தேச்சி தல வாரினேன்..."

"கழட்டுடி!" என்று கதறினான் தயாளன்.

குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் இன்னும் கேட்டது. அனுப்பிரியா ஆடுவதை நிறுத்தினாள்.

"பீப்," என்றாள்.